மூன்றாம் நிமிடத்துக் குருவி

மே 3, சனி

ஹேமலதா டீச்சர் புனேக்குப் போய்விட்டார். மகளுக்கு ஜூன் பாதியில்தான் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். டாக்டர் இப்போதே ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லிவிட்டாராம். நல்லபடியாகப் பிறக்கட்டும். ஆனால் இருபத்தைந்தாம் தேதி எங்கள் கரோக்கி மன்றத்தின் ஆண்டு விழா. நானும் டீச்சரும் பாடுவதாக இருந்த தோணிப் பாட்டு அந்தரத்தில் நிற்கிறது.

தோணிப் பாட்டு பழைய டூயட். ஆணுக்குப் பாதி, பெண்ணுக்குப் பாதி. மூன்று வருடமாக இதை மேடையில் பாடிவிட வேண்டும் என்று துடிக்கிறேன். ஒரு வருடம் எனக்குத் தொண்டை கட்டியது. அடுத்த வருடம் மண்டபத்தில் கரண்ட் போனது. இந்த வருடம் புனே.

தலைவர் வரதராஜன், "விடுங்க தண்டபாணி, சோலோவா ஒண்ணு பாடிக்கலாமுங்க" என்றார். அதோடு விட்டாரா? "அந்தப் பாட்டுல பொம்பள வரி முடியறதுக்குள்ள நீங்க உள்ள பூந்தர்றீங்கோ. டீச்சரே ரெண்டு வாட்டி எங்கிட்டச் சொல்லிட்டாங்க" என்றார். அது டிராக்கின் குற்றம். டிராக்கே தள்ளாடினால் பாடுகிறவன் என்ன செய்வான்?

முப்பத்தோரு வருடம் மில்லில் நூலின் தரம் பார்த்தவன் நான். விரலில் ஓடவிட்டால் முடிச்சு எங்கே என்று சொல்வேன். ஓய்வு பெற்றதும் அந்த வேலை காதுக்கு மாறிவிட்டது. மன்றத்துக்கு வரும் எந்த டிராக்கும் என் பதிவேட்டில் ஏறாமல் மேடைக்குப் போகாது. செய்தவர், செய்த விதம், சுருதி, குரல், குறை என்று ஐந்து கட்டம். 437 டிராக் ஏறியிருக்கிறது. அசல் பாட்டிலிருந்து மெஷினால் குரலை உருவி எடுத்தது ஒரு ரகம்; அதில் பாடினவரின் குரல் கழுவாத பாத்திரத்து வாசனை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லா வாத்தியத்தையும் கீபோர்டிலேயே தட்டி முடித்தது இன்னொன்று. ஆளை உட்கார வைத்து நிஜத் தபேலா, நிஜப் புல்லாங்குழல் வாசித்தது மூன்றாவது, அது அபூர்வம். விழாவில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் செயலாளர் என்ற முறையில் அந்தப் பதிவேட்டு வரியை, குறை உட்பட, நான் மைக்கில் வாசிப்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள். எண்ணெய் டின்னில் மட்டும் கலப்படத்தை எழுதினால் போதுமா?

டீச்சர் இல்லையென்றால் ஒரே வழி, பெண் குரலை விட்டுவைத்த பாதி டிராக். போத்தனூர் பெனடிக்டைக் கூப்பிட்டேன். நிஜ ஆளை வைத்து டிராக் செய்கிற ஆள் அவர்தான்.

"பொண்ணு குரல் வெச்ச தோணிப் பாட்டா? இருக்கு சார். ஆனா உங்களுக்கு அது வேண்டாமே சார்."

"ஏன், மட்டமா?"

"மட்டமெல்லாம் இல்ல சார். பாடுன அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பறேன்."

நான் வாங்குவதற்கு அக்கா எதற்கு அனுமதி தர வேண்டும்? காலம் கெட்டுக் கிடக்கிறது.

மே 4, ஞாயிறு

ஃப்ரிட்ஜின் சுவிட்ச் அணைந்து கிடந்தது. நேற்றிலிருந்தே போலிருக்கிறது, பால் திரிந்துவிட்டது. இரண்டு வாரத்தில் இது இரண்டாம் முறை. மனைவி சுலோச்சனாவைக் கேட்டால் "கை பட்டிருக்குமுங்க" என்கிறாள். சுவிட்ச் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே எப்படிக் கை படும்? மெக்கானிக்கை வரச் சொல்ல வேண்டும்.

மே 6, செவ்வாய்

காலையில் மன்றத்தில் மூன்று பேர் மூன்று பாதி டிராக் கொண்டுவந்தார்கள். மூன்றும் இணையத்தில் சும்மா கிடைத்தவை. ஒன்றில் பெண் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. இன்னொன்றில் தபேலா தகர டப்பா. மூன்றாவதைப் பற்றி எழுதினால் கொண்டுவந்தவர் மன்றத்தை விட்டே போய்விடுவார்.

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெனடிக்ட் அனுப்பினார். கை கழுவாமல் கேட்டேன்.

இப்படி ஒரு குரலை நான் எந்த டிராக்கிலும் கேட்டதில்லை. கொஞ்சம் கனமான குரல். குழைவு இல்லை, நடிப்பு இல்லை. யாரையும் போலப் பாட முயலவில்லை. வீட்டில் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிற ஒருத்தியை நாம் அடுத்த அறையிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது. முதல் சரணத்தில் எனக்குக் கண் கலங்கியது. ஐம்பது பேர் முன்னால் சொல்ல மாட்டேன், இங்கே எழுதினால் என்ன.

இருந்தாலும் கடமை கடமைதான். பதிவேட்டில் ஏற்றினேன். எண் 438. செய்தவர் பெனடிக்ட். நிஜ வாத்தியம். என் சுருதிக்காக ஒரு கட்டை இறக்கியது. குரல், தெரியவில்லை. குறை இரண்டு. ஒன்று, மூன்றாம் நிமிடத்தில், கடைசி வரிக்குச் சற்று முன்னால், ஏதோ கரகரவென்று ஒரு பறவைச் சத்தம். இரண்டு, கடைசி வரியை அவசரமாகப் பாடி, நீட்ட வேண்டிய இடத்தில் வெடுக்கென்று வெட்டிவிட்டார். அதுவரை அவ்வளவு நிதானமாக வந்த பெண்ணுக்கு அங்கே என்ன அவசரமோ. கோப்பின் பெயரில் 11-02 என்றிருக்கிறது. பாடிய தேதியாக இருக்கும்.

மே 7, புதன்

ஆறு தடவை கூடப் பாடிப் பார்த்தேன். சுலோச்சனா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்குப் பாட்டில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே, "அந்தப் பொண்ணு கொரல் எப்புடீங்க இருக்குது?" என்றாள். முப்பத்துமூன்று வருடத்தில் இவள் ஒரு டிராக்கைப் பற்றிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"உனக்குச் சொன்னாப் புரியாது. சுத்தமான குரல். கடைசி வரிலதான் கோட்டை விட்டுட்டா."

"என்னத்தக் கோட்டை விட்டா?"

"அவசரம். அடுப்புல பால் பொங்குதுன்னு ஓடற மாதிரி."

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே, "பொங்கியிருக்கும்" என்றாள்.

மே 10, சனி

மன்றத்தில் மைக் பழுது, பத்தே முக்காலுக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். பெல் அடித்துவிட்டு நிற்கிறேன், நிற்கிறேன், கதவு திறக்கிற வழியைக் காணோம். சுலோச்சனா திறந்தபோது முகமெல்லாம் வேர்வை. ஃபேன் ஓடவில்லை. படுக்கையறையில் பீரோ திறந்து கிடக்கிறது, இரண்டு கம்பளியும் அதன் கதவின்மேல் தொங்குகின்றன. அக்னி நட்சத்திரத்தில் எதற்குக் கம்பளி என்றேன். "பூச்சி அரிக்குதுங்க, தட்டி வெக்கலாம்னு" என்றாள். ஃபேனைப் போட்டுக்கொண்டு தட்டக் கூடாதா? வீட்டு வேலையிலும் ஒரு முறை வேண்டும்.

மன்றத்தில் இன்று நல்ல சிரிப்பு. வீட்டுக்காரம்மாவைக் கூடப் பாட வைக்கலாமே என்று வரதராஜன் கேட்டார். கல்யாணமான புதிதில் நடந்த கதையைச் சொன்னேன். மச்சான் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சின அன்று எல்லோரும் வற்புறுத்தி இவளைப் பாடச் சொன்னார்கள். பாடினாள். வீட்டுக்குள் அழைத்துவந்திருந்த பசு அந்த நேரம் பார்த்துக் கத்தியது. "கன்னுக்குட்டி கூப்புடுதுன்னு மாடு நெனச்சுக்கிச்சு" என்றேன். கூடியிருந்த நூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம். அதற்கப்புறம் யாரும் அவளைப் பாடச் சொல்லவில்லை.

மே 13, செவ்வாய்

அந்தப் பறவை என்ன வாத்தியம் என்று கேட்க பெனடிக்டுக்கு நான்கு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. காலையிலிருந்து எதிலும் மனம் நிற்கவில்லை. ரேஷன் கடைக்குப் போய் அட்டையை மறந்து திரும்பி வந்தேன்.

மே 15, வியாழன்

பஸ் பிடித்து போத்தனூருக்கே போய்விட்டேன். பெனடிக்டின் அறை சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிறது. சுவரெல்லாம் முட்டை அட்டை. என்னைக் கண்டதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"அது புல்லாங்குழல் பிசிறா?"

"சார், அது வாத்தியமே இல்ல. பாடும்போது வெளிச்சத்தம் பூந்துருச்சு. குரலோட ஒட்டியிருக்கறதால எடுக்க முடியல. அக்கா வீட்டுல இருந்தே போன்ல பாடி அனுப்பறவங்க. இன்னொருக்கா பாடுங்கன்னேன், நேரம் அமையல."

"அவங்களை விழாவுக்குக் கூப்பிடணும். டிராக் எதுக்கு? நேர்லயே என்கூட நின்னு பாடட்டும்."

பெனடிக்ட் எழுந்து நின்றுவிட்டார். "அது நடக்காது சார். அவங்க பாடறது வீட்டுல தெரியாது. பேரு சொல்லக் கூடாதுங்கறதுதான் அவங்க மொத கண்டிஷன்."

"வீட்டுலன்னா? புருஷனுக்கா?"

"ஆமா சார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எப்படிப்பட்ட ஆளய்யா அவன்? இப்படி ஒரு குரலை வீட்டுல வெச்சுக்கிட்டு, காதை எங்க அடகு வெச்சான்?"

பெனடிக்ட் கீபோர்டைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "நல்ல மனுஷன்தான் சார். பாட்டுன்னா உசுரு" என்றார். நல்ல மனுஷனாம்.

நான் சொன்னதாகச் சொல்லச் சொன்னேன். இந்தக் குரலோடு சேர்ந்து பாடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று, வார்த்தை மாறாமல். சொல்கிறேன் என்றார்.

மே 16, வெள்ளி

பதில் வந்தது. மேடைக்கு வர மாட்டார்களாம். சிரிப்பார்களாம். யார் சிரிப்பது? சிரித்தால் நான் விடுவேனா?

மே 17, சனி

மன்றத்திலிருந்து வந்தால் வீடெல்லாம் நெய் வாசனை. பருப்புப் பூரணம் வைத்த ஒப்பிட்டு. நோன்பும் இல்லை, நாளும் இல்லை. என்ன விசேஷம் என்றேன். "சும்மா தோணுச்சுங்க" என்றாள். நான்கு தின்றேன்.

மே 20, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் இந்த நோட்டை வைத்திருந்து என்ன பயன்?

வெளிச்சத்தம் என்றாலும் எந்தச் சத்தம் என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாதாரணமாக டிராக்கை மேலே ஏற்றி இறக்கி விளையாடுவது எனக்குப் பிடிக்காது, தரம் கெடும். ஆனால் பெனடிக்ட் ஒரு கட்டை இறக்கியதால்தானே பறவையின் குரலும் இறங்கியிருக்கும்? மன்றத்திலிருந்து வரும்போது பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, போனில் அதை மறுபடி ஒரு கட்டை ஏற்றிக் காதில் வைத்தேன்.

முதலில் பறவை தெரிந்தது. குருவி. இரண்டு முறை கீச், ஒரு நீண்ட கீச். எங்கள் வீட்டுக் காலிங் பெல்.

ஊரில் பாதி வீட்டில் அந்தக் குருவி பெல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் பெல்லில் இரண்டாவது கீச் பாதியில் விக்கும். நான்கு வருடமாகச் சரி செய்யாமல் இருக்கிறேன். டிராக்கிலும் விக்கியது.

அதற்குப் பிறகுதான் குரலைக் கேட்டேன். இறக்கின சுருதியில் கனமாக இருந்த குரல் தன் இடத்துக்கு வந்திருந்தது. "ஏனுங்க, சோறு போடட்டுங்களா" என்று தினமும் கேட்கிற குரல்.

வீட்டுக்கு வந்து பெல்லை அடித்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. சுலோச்சனா திறந்து, "சாவி எடுத்துட்டுப் போகலீங்களா?" என்றாள். நெற்றியில் வேர்வை. ஃப்ரிட்ஜ் சத்தம் இல்லை. உறுமல் பதிவில் விழும் என்று அதை அணைப்பார்கள். எனக்குத் தெரியாத விஷயமா அது? மன்றத்தில் பத்துப் பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நோட்டைப் பின்னால் புரட்டினேன். பிப்ரவரி 11, செவ்வாய். என் கையெழுத்துதான். "மன்றத்தில் கரண்ட் இல்லை. சீக்கிரமே வந்துவிட்டேன். கதவைத் திறக்க இவளுக்கு எவ்வளவு நேரம்!"

நான் பெல் அடித்திருக்கிறேன். அவள் கடைசி வரியை வெட்டிவிட்டு ஓடி வந்திருக்கிறாள். அதை நான் பதிவேட்டில் குறை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனை ஊர் கேலி செய்யும். அவனுக்காவது வெண்ணெய் கையில் இருப்பது தெரிந்திருக்கும். தபேலா எந்தத் தோல் என்று சொல்கிற காதுக்குப் பெண்டாட்டி குரல் தெரியவில்லை. எப்படித் தெரியும்? முப்பத்துமூன்று வருடத்தில் அவள் பாடி ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அன்றும் முழுதாகக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று மச்சான் வீட்டில் அவள் சுருதி பிசகவே இல்லை. அதுவரை கூட்டத்தில் என் பாட்டைத்தான் எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அவள் பாட ஆரம்பித்ததும் என்னை மறந்துவிட்டார்கள். மாடு கத்தியது எனக்கு வசதியாகப் போயிற்று.

வெட்கமாக இருக்கிறது.

மே 21, புதன்

மூன்று தடவை சமையலறை வரை போனேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மே 22, வியாழன்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் நாளைக்கு வருவதாகப் போன் செய்தார். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுலோச்சனா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க வேண்டாம்னுட்டீங்க?"

"ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் இருக்குது."

கத்தி நின்றது. அவள் நிமிரவில்லை. நானும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளே, "அந்தக் கடைசி வரி நெசமாவே அவ்வளவு மோசமாங்க?" என்றாள்.

"பாடினவங்க மேல தப்பு இல்ல. எவனோ ஒரு அவசரக்காரன் பெல் அடிச்சுட்டான்."

எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. எட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது, தைரியம் வரவில்லை. மாட்டுக் கதையைப் பற்றிப் பேச இன்னும் அதிகத் தைரியம் வேண்டும். மன்னிப்புக் கேட்டுப் பழகியிருந்தால் வாயில் வந்திருக்கும்.

மே 24, சனி

கடைசி ஒத்திகை. தோணிப் பாட்டை இரண்டு முறை பாடினேன். இரண்டு முறையும் பெண் வரி முடிவதற்குள் நுழைந்துவிட்டேன். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். டிராக் நிஜ ஆள் வாசித்தது. இதில் தாளம் தள்ளாடவில்லை. இனி எதன்மேல் பழி போடுவது? உட்கார முடியாமல் பத்தரைக்கே கிளம்பிவிட்டேன்.

எங்கள் வீடு இரண்டாம் மாடி. கதவருகே போய்ப் பெல்லில் விரலை வைத்தேன். அழுத்தவில்லை. உள்ளே இரண்டு சாத்திய கதவுகளுக்கும் கம்பளிகளுக்கும் அப்பால் பாட்டு கேட்டது. தோணிப் பாட்டு. இறக்காத சுருதி. அவளுடைய சுருதி.

விரலை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

மேல் மாடி அம்மாள் காய்கறிப் பையோடு ஏறி வந்தார். "சாவியில்லீங்களா சார்?" என்றார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, பேச வேண்டாம் என்று வாயில் விரல் வைத்தேன். வீட்டில் சண்டை என்று நினைத்திருப்பார். பாவப்பட்டுக்கொண்டே ஏறிப் போனார்.

கடைசி வரி வந்தது. என் கை என்னை அறியாமல் பெல்லை அடித்துவிடுமோ என்று இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டேன். அவள் அவசரப்படவில்லை. நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டினாள். எங்கே முடியுமோ என்று நான் நினைத்த இடத்தையும் தாண்டி நீட்டி, தானாக நின்ற இடத்தில் நிறுத்தினாள். இதுதான் அந்தப் பாட்டின் முடிவு என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியது. அதற்குப் பிறகும் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பெல் அடித்தேன்.

"வெயிலு சாஸ்திங்க" என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"ஆமா, சாஸ்திதான்" என்றேன்.

சாயங்காலம் பெனடிக்ட் புது டிராக் அனுப்பினார். "சார், அக்கா திரும்பப் பாடிட்டாங்க. குருவி இல்ல" என்று கூட ஒரு செய்தி.

மே 25, ஞாயிறு

ஆறு மணிக்கு விழா. மணி இப்போது நான்கு.

காலையில் பதிவேட்டில் எண் 439 ஏற்றினேன். செய்தவர் பெனடிக்ட். நிஜ வாத்தியம். ஒரு கட்டை இறக்கியது. குரல், குறை இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டேன். பதிவேட்டையும் பேனாவையும் டைனிங் டேபிளில் சுலோச்சனாவின் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுல ரெண்டு கட்டம் நெரப்பாம இருக்குது. உனக்கு இஷ்டமிருந்தா எழுது. எழுதலேன்னா, குரல் தெரியலேன்னே மைக்ல வாசிச்சர்றேன். ஒண்ணும் தப்பில்ல." பேனா மூடியைக் கழற்றி வைத்தேன். "மச்சான் வீட்டுல அன்னைக்கு நீ சரியாத்தான் பாடினே. நாந்தான் பொய் சொன்னேன்."

அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தண்ணி காஞ்சிருச்சு, குளிச்சுட்டு வாங்க" என்றாள்.

குளித்துவிட்டு வந்தபோது டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. நோட்டு மூடியிருந்தது. திறந்தேன்.

குரல் கட்டத்தில் "சுலோச்சனா" என்று பெரிய எழுத்தில் இருந்தது. பால் கணக்கு நோட்டில் எழுதுகிற அதே உருண்டை எழுத்து.

குறை கட்டம் போதாமல் ஓரத்துக்கெல்லாம் ஏறி எழுதியிருந்தாள். "டிராக்கில் ஒன்றும் இல்லை. கூடப் பாடுகிறவர் பெண் குரல் முடிவதற்குள் நுழைந்துவிடுகிறார். முடியும்வரை பொறுக்க வேண்டும்."

படுக்கையறையில் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. "ஏனுங்க, பச்சைப் பட்டு கட்டட்டுங்களா, அந்த மாம்பழக் கலரா?" என்று கேட்டாள். ஆண்டு விழாவுக்கு இவள் ஒரு தடவையும் வந்ததில்லை.

பச்சை என்றேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பதிவேட்டு வரியை, குறை உட்பட, மைக்கில் வாசிப்பது செயலாளரின் வழக்கம். 439-ஐயும் ஒரு எழுத்து விடாமல் வாசிப்பேன்.